பால் போதவில்லை என்று சொன்னவள்

போன ஆகஸ்டில், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். தாய்ப்பால் வாரத்துக்காக ஒரு கூட்டம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லி அனுப்புகிற அம்மாக்கள் ஏன் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்று புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கு இருபது நிமிஷம் பேச வேண்டும். போனேன். மராத்தியில் பேசினேன். நான் ஒவ்வொரு காரணமாகச் சொல்லச் சொல்ல, அந்த நர்ஸ் பிள்ளைகள் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அதே காரணங்கள் அதே வரிசையில் அதற்குள் ஏற்கெனவே இருக்கின்றனவாம். விரலால் தொட்டால் போதும், டிக் விழுந்துவிடும். கூட்டம் முடிந்ததும் சால்வையும் தேங்காயும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு தாபோடியில் இருக்கிற என் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அந்த இருபது நிமிஷத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் படிக்க வராது. என் பேரப்பிள்ளைகளுக்கும் வராது. தப்பை ஒப்புக்கொள்ள இதைவிட வசதியான மொழி எனக்கு இல்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் தாபோடியிலேயே பிறந்து, அங்கேயே சர்ச்சுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய், அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டவள். நர்சிங் படித்த மூன்றரை வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், நின்றுகொண்டே தூங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டும் கடைசிவரை உதவின. பிறகு ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து வீட்டு விசிட்டுக்கு மாற்றினார்கள். எங்களிடம் பிரசவம் பார்த்துக்கொண்டு போனவர்களின் வீட்டுக்கு ஐந்தாம் நாள், பதினோராம் நாள், இருபதாம் நாள், அப்புறம் மாதம் ஒரு முறை என்று ஆறு மாதம் வரை போக வேண்டும். குழந்தை எப்படியிருக்கிறது, பால் எப்படிக் குடிக்கிறது என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். போசரி, தாபோடி இரண்டும் என் ஏரியா.

எங்களுக்கு மேலே இருந்தவர் தேஷ்பாண்டே மேடம், குழந்தை டாக்டர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் சேலை, அதற்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், ஃபைலைத்தான் பார்ப்பார். நாம் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "பாஹிலஸ் கி ஐகலஸ்?" பார்த்தாயா, கேட்டாயா? கேட்டேன் என்றால் அது ஃபைலில் ஏறாது.

விசிட்டுக்கு அவர் வைத்திருந்த முறை இதுதான். கை கழுவு. டிஸ்சார்ஜ் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படி. நாற்காலியில் உட்காராதே. குழந்தையின் காதும் தாடையும் தெரிகிற பக்கமாகத் தரையில் உட்கார். ஒரு வேளை பால் குடித்து முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. தாடை ஆழமாக இறங்குகிறதா, ஒரு கணம் நிற்கிறதா, விழுங்குகிற சத்தம் வருகிறதா என்று பார், எண்ணு. ஒன்றுக்கு எத்தனை தடவை போனது என்று அம்மாவிடம் கேட்காதே, கொடியில் காய்கிற துணிகளைப் போய் எண்ணு. ஐந்து நாள் தாண்டிய குழந்தைக்கு ஒரு நாளில் ஆறு துணியாவது நனைந்திருக்க வேண்டும். பிறகு குழந்தையை ஒட்டுத் துணியில்லாமல் தராசுத் தொட்டிலில் போட்டு எடை எடு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேள்வி. அதிலும், 'தாய்ப்பால் மட்டும்தானே கொடுக்கிறீர்கள்?' என்று கேட்கக் கூடாது. 'நேற்று இந்த நேரத்திலிருந்து குழந்தை வாய்க்குள் என்னென்ன போயிற்று?' என்று கேட்க வேண்டும்.

இரண்டு கேள்விக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு முதல் வருஷம் விளங்கவில்லை. என் ரெஜிஸ்டர் முழுக்க 'தாய்ப்பால் மட்டும்: ஆம்' என்று இருந்தது. பார்க்கவே அழகாக இருக்கும். ஒரு நாள் மேடம் அதைப் புரட்டிவிட்டு, நானும் வருகிறேன் என்று கிளம்பினார். போசரியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. சங்கீதா என்று ஒரு பெண், இரண்டு மாதக் குழந்தை. பக்கத்தில் மாமியார். மேடம் தரையில் உட்கார்ந்து குழந்தை ஒரு வேளைப் பால் குடித்து முடிக்கும்வரை பார்த்து, கொடியை எண்ணி, எடை எடுத்து, எல்லாம் முடித்துவிட்டுத் தன் கேள்வியைக் கேட்டார். பேச்சு மராத்தியில்தான் நடந்தது. நம் பாஷையில் சொன்னால் இப்படி.

"பால்தான் டாக்டரம்மா. வேற ஒண்ணும் கொடுக்கறதில்ல" என்றாள் சங்கீதா.

"குட்டி?"

"அது காலையில. மருந்தாச்சே அது."

குட்டி என்பது வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் கல்லில் இழைத்துப் புகட்டுவது. நம் ஊர் உரைமருந்துக்கு மராத்திச் சொந்தக்காரன்.

"தண்ணி?"

"வெயிலுக்கு ரெண்டு ஸ்பூன். தண்ணியெல்லாம் ஆகாரமா?"

"தேன்?"

"நாக்குல தொட்டு வைக்கிறதுதான்."

"கோயில் தீர்த்தம்?"

"அதையுமா கணக்குல எடுப்பீங்க?" என்றார் மாமியார்.

"டீ?"

சங்கீதா மாமியாரைப் பார்த்தாள். பிறகு மாமியார் சொன்னார்: "அது இவ மாமனார் பிஸ்கட்டுல தொட்டுக் கொடுக்கறது. நாங்க கொடுக்கறதில்ல."

திரும்பி வரும்போது மேடம், "உன் ரெஜிஸ்டரில் எத்தனை 'ஆம்' இருக்கிறது?" என்றார். எல்லாமே ஆம்தான் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஷேர் ரிக்‌ஷாவைக் கைகாட்டி நிறுத்தினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கப்புறம் நான் அந்த முறையை விட்டு விலகவேயில்லை. ஒரு வீட்டைத் தவிர.

காரணங்களை முப்பது வருஷம் எழுதியிருக்கிறேன். குழந்தை அழுகிறது, அதனால் பசி. குழந்தை அழவில்லை, அதனால் தெம்பில்லை. நாத்தனார் குழந்தை குண்டாக இருக்கிறது, அது டப்பாப் பால் குடிக்கிறது. அம்மாவுக்கு ஜலதோஷம், பால் வழியாகக் குழந்தைக்கு இறங்கிவிடும். அம்மா இட்லி சாப்பிட்டாள், அதுவும் இறங்கிவிடும். போசரிக் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிற பெண்களுக்கு இரண்டாம் மாதமே கூப்பிட்டு விடுவார்கள். போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அவர்களிடம் ஆறு மாதம் என்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கும், இருந்தாலும் சொல்லுவேன். சொல்வதற்குத்தானே சம்பளம்.

எல்லாக் காரணத்துக்கும் தலைவன் ஒன்று உண்டு. பால் போதவில்லை. பணக்காரி, ஏழை, படித்தவள், படிக்காதவள் எல்லாரும் சொல்லுகிற காரணம் இது. உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் பால் போதும், குழந்தை மார்பைச் சரியாகப் பிடித்திருக்காது. சரியாகப் பிடிக்க வைத்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். இப்படித் திரும்பத் திரும்ப நடந்ததால் இந்த வார்த்தைக்கு என்னிடம் ஒரு தயார் பதில் உருவாகிவிட்டது. அதைக் கேட்டு அழுகையை நிறுத்திய பெண்கள் நிறைய. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. இந்தப் பெருமைதான் அடுத்து வருகிற கதைக்குக் காரணம்.

ரிட்டயராக நாலைந்து வருஷம் இருக்கும்போது, டிசம்பர் மாதம், ஒரு விசிட் சீட்டு வந்தது. நித்யா, முதல் பிரசவம், ஆண் குழந்தை, பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். வீடு போசரிக்குக் கொஞ்சம் தள்ளிப் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில். ஐந்தாம் நாள் காலை போனேன். கதவைத் திறந்தது புருஷன், கார்த்திக். அந்த நேரம் பார்த்து என் மகள் போன் செய்தாள். வாசலில் நின்றபடியே, "வேலையில இருக்கேன், அப்புறம் கூப்பிடுதேன்" என்று சொல்லி வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்க தமிழுங்களா?"

"ஆமாம்மா. திருநெல்வேலிப் பக்கம். பிறந்ததெல்லாம் இங்கதான்."

அந்தப் பெண் அழுதேவிட்டாள். கோயம்புத்தூர்க்காரி. புருஷனுக்குப் போசரியில் பம்ப் கம்பெனியில் இன்ஜினியர் வேலை, இவளுக்கு மகர்பட்டாவில் ஐடி ஆபீஸ். பிரசவத்துக்கு ஊருக்குப் போகலாம் என்று இருந்தபோது பிரஷர் ஏறியதால், டாக்டர் பயணம் வேண்டாம் என்றுவிட்டார். அவள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், பொங்கல் கழித்துத்தான் வர முடியும். பிரசவமாகி ஐந்து நாளில் புருஷனைத் தவிர வேறு யாரோடும் அவள் தமிழில் நேருக்கு நேர் பேசவில்லை. எனக்கும் வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்பது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான். கார்த்திக் ஃபில்டர் காபி கொண்டுவந்து கொடுத்தான். நான் சோஃபாவில் உட்கார்ந்தேன்.

சோஃபாவிலிருந்து பார்த்தால் குழந்தையின் தாடை தெரியாது.

கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சு. பிறகு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, எனக்குப் பாலே ஊறல போலருக்குங்க. மாரு கனக்கவே இல்லீங்க. எங்கக்காவுக்கு மூணாம் நாளே கட்டிக்கிட்டுக் காச்சலே வந்துருச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க."

ஐந்தாம் நாள் ஆகியும் மார்பு கனக்கவில்லை என்று ஒரு மராத்திப் பெண் சொல்லியிருந்தால், நான் பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பேன். அதைக் கேட்டால் உட்கார வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் வருஷப் பாடம். நான் சொன்னது இது: "எல்லாரும் இதத்தாம்மா சொல்லுதாங்க. முப்பது வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பில்குல் பயப்படாத, துளியும் பயம் வேண்டாம். பிள்ள இழுக்க இழுக்க ஊறும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பதில் இந்த முறையும் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

கார்த்திக் சமையலறையிலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்துவந்து காட்டினான். குழந்தைகளுக்கான பால் பவுடர். "மெடிக்கல்ல கேட்டு வாங்குனேங்க்கா. ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னு" என்றான். டப்பா வீட்டுக்குள் இருந்தால் கை தானாக அங்கே போகும் என்று அவனுக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். சாயங்காலமே, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று போன் செய்தான். நல்ல பையன் என்றேன்.

அன்றைக்கு எடை மட்டும் ஒழுங்காக எடுத்தேன். இரண்டு கிலோ அறுநூற்றைம்பது. பிறந்த குழந்தை முதல் சில நாளில் பத்தில் ஒரு பங்குவரை எடை குறையலாம், இது அந்த அளவின் விளிம்பில் இருந்தது. அட்டையின் முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவில்லை. அப்போது அவள் கோயம்புத்தூரில் படித்த காலேஜைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் போனபோது நல்ல குளிர். குழந்தை ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், டயப்பர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டவல் என்று மூட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்பத்தாங்க்கா தூங்குனான். கழட்டினா முழிச்சுக்குவான்" என்றாள் நித்யா.

"வேண்டாம்மா, அப்படியே தூக்கித் தா."

மூட்டையோடு தராசில் போட்டேன். இரண்டு கிலோ எண்ணூறு காட்டியது. துணிக்கு நூற்றைம்பது என்று கண் மதிப்பாகக் கழித்துவிட்டு, இரண்டு கிலோ அறுநூற்றைம்பது என்று எழுதினேன். போன தடவைக்கு இந்தத் தடவை குறையவில்லை, இனிமேல் ஏறும் என்று நானே முடிவும் செய்துகொண்டேன். அந்த வீட்டில் கொடியில் துணி கிடையாது, எல்லாம் டயப்பர். குப்பைக் கூடையைத் திறந்து எண்ணியிருக்கலாம். தமிழ் வீட்டில் போய்க் குப்பைக் கூடையைக் கிளறுவதா என்று இருந்தது. இதையே மராத்தி வீடுகளில் கூசாமல் செய்திருக்கிறேன்.

"அழறதே இல்லீங்க்கா. பக்கத்து ஃப்ளாட் குழந்த கத்தற கத்துல எங்க செவுரே அதிருது. இவன் சமத்து. பால் குடிக்கையிலயே தூங்கிப் போயிருவான்."

"சமத்துப் பிள்ள" என்றேன் நானும். கன்னத்தைத் தொட்டு முத்தம் வேறு கொடுத்தேன்.

பிறகு அவள் ஆபீஸ் பேச்சு வந்தது. லீவு முடிந்து போனால் பாலைப் பம்ப் செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டாள். எத்தனை மணி நேரம் வைக்கலாம், எப்படி மூட வேண்டும், எப்படிச் சூடு காட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவள் போனில் குறித்துக்கொண்டாள். இல்லாத பாலை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கால் மணி நேரம் விளக்கிவிட்டு, இரண்டாவது காபியும் குடித்துவிட்டு எழுந்தேன்.

பதினேழாம் நாள் காலை, ஆஸ்பத்திரியில் தடுப்பூசிப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, தம்பி எந்திரிக்கவே மாட்டேங்கறானுங்க. ரெண்டு தடவ எழுப்பிப் பாத்துட்டேன். தூங்கட்டும்னு விட்டுறலாங்களா?"

"டயப்பர் எப்ப மாத்துன?"

"நேத்துச் சாயங்காலம் மாத்துனதுதாங்க. இன்னும் நனையவே இல்ல."

வண்டியைப் பிடித்து உடனே வா என்று கத்தினேன். மராத்தியில் கத்தியிருக்கிறேன். அவள் "என்னங்க்கா?" என்ற பிறகுதான் அது தெரிந்தது. மறுபடி தமிழில் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். மேடம் குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே இருந்த குழந்தையை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. தொடைத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. உச்சிக்குழி பள்ளமாக இருந்தது. உதடு காய்ந்து கிடந்தது. இரண்டு கிலோ நூற்றைம்பது. அழத் தெம்பில்லாத குழந்தையைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சமத்து என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

பாலும் தண்ணீரும் உடம்பில் போகாமல் ரத்தத்தில் உப்பு ஏறிக் கிடந்தது. அதை அவசரமாக இறக்கவும் கூடாது. இறக்கினால் மூளை வீங்கும் என்பதால், சலைனைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அப்படியும் மத்தியானம் ஒரு தடவை வலிப்பு வந்தது. நித்யா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம், குழந்தையோடு நின்றேன். குழந்தை பிழைக்காவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் என் யோசனையாக இருந்தது. குழந்தையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் என்னைப் பற்றி யோசித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் நித்யாவின் டிஸ்சார்ஜ் அட்டை திறந்திருந்தது, இரண்டாம் பக்கம். பிரசவத்தின்போது அதிகப்படியான ரத்தப்போக்கு, பிரஷர் இறங்கிப் போய்விட்டது, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம் என்று எங்கள் ஆஸ்பத்திரி எழுத்திலேயே எழுதியிருந்தது.

"ஃபீட் பார்த்தாயா?"

"இல்லை மேடம்."

"நன்றாகக் குடிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். பாஹிலஸ் கி ஐகலஸ்?"

"கேட்டேன்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "இரண்டு விசிட்டிலும் உன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. அவசரமில்லை" என்றுவிட்டு வேறு ஃபைலை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு விசிட்டும் சேர்த்து அந்த வீட்டில் மூன்று மணி நேரமாவது இருந்திருப்பேன். வேறெந்த வீட்டிலும் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. கடைசியில் மூன்று வரி எழுதினேன். வீடு சுத்தமாக இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காபி கொடுத்தார்கள்.

மேடம் அதைப் படித்தார். மடித்து ஃபைலில் வைத்தார். "டப்பாப் பால் கலக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது. முப்பது வருஷத்தில் வேண்டாம் என்று சொல்லத்தான் தெரியும். ஸ்டோரிலிருந்து ஒரு டப்பா வந்தது. கார்த்திக்கிடம் நான் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அதே பிராண்ட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தில் இருந்ததைப் படித்தேன். எத்தனை ஸ்பூனுக்கு எவ்வளவு தண்ணீர், அழுத்தி அள்ளக் கூடாது, மேலே சீவிவிட வேண்டும். முதலில் மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தோம். மூன்றாம் நாள் பாலாடைக் கிண்ணத்தில் ஊற்றி உதட்டோரம் வைத்தபோது, நாக்கை நீட்டி நக்கினான். பிறகு விழுங்கினான். விழுங்குகிற சத்தம் கேட்டது. அதையே கவனித்துக்கொண்டிருந்ததில், பாதியை அவன் கழுத்தில் கொட்டிவிட்டேன்.

பிரசவத்தில் அவ்வளவு ரத்தம் போனால், பால் ஊறச் சொல்லிக் கட்டளை போடுகிற சின்னச் சுரப்பி ஒன்று தலைக்குள் அடிபட்டுப் போகலாம் என்று மேடம் நித்யாவுக்கு விளக்கினார். அபூர்வமாக நடப்பதுதான், ஆனால் நடக்கும். பரிசோதனையிலும் அப்படித்தான் வந்தது, அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்குப் பால் போதவில்லை என்பதல்ல. ஏதோ சொட்டுச் சொட்டாகக் கசிந்ததைத் தவிரப் பால் வரவேயில்லை. நான் சொன்னேன் என்பதற்காகப் பன்னிரண்டு நாள் அந்தக் குழந்தையை வெறும் மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதியில் நிறுத்திய பெண்களைத்தான் நான் காலமெல்லாம் திட்டியிருக்கிறேன். நிறுத்தாமல் என் பேச்சைக் கேட்டவளின் பிள்ளைதான் சாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு ரிட்டயராகும் வரைக்கும், பால் போதவில்லை என்று யார் சொன்னாலும் பதில் சொல்லாமல் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். முன்போலவே முக்கால்வாசிப் பேருக்குப் பால் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் நித்யாவுக்கு முன்னால் என் தயார் பதிலைக் கேட்டு அழுகையை நிறுத்தியவர்களில் எத்தனை பேர் உண்மையைச் சொன்னார்கள் என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. ஆகஸ்டில் அந்தப் பிள்ளைகளின் டேப்லெட்டில் முதல் வரியே 'பால் போதவில்லை'தான். தொட்டால் டிக் விழுகிறது, அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அங்கே எழுந்து நின்று இதைச் சொல்லியிருக்க வேண்டும். சால்வை போர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

குழந்தையை டிஸ்சார்ஜ் செய்த அன்று வார்டுக்குப் போனேன். நித்யா கட்டிலில் சம்மணம் போட்டு, குழந்தைக்குப் பாலாடையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். கொடுத்து முடிக்கும்வரை நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. முடித்து, தோளில் போட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"நான் மொத நாளே சொன்னேனுங்களே, சிஸ்டர்."

அதுவரை அவள் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை.

"சொன்னம்மா. நான்தான் கேக்கல. தப்பு என் மேலதான். டாக்டர்கிட்டயும் ஒத்துக்கிட்டேன்."

"இனி விசிட்டுக்கு யாருங்க வருவாங்க?"

"நான்தாம்மா. இது என் ஏரியா. இனி ஒரு வேளை விடாம உக்காந்து பாப்பேன்."

அவள் குழந்தையின் முதுகைத் தடவினாள்.

"கோவம் இருக்குதுங்க. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோவத்துல சொல்லலீங்க சிஸ்டர். நீங்க வந்தா எனக்குப் பேசணும்னு இருக்கும். உங்களுக்கும் இருக்கும். ரெண்டு பேரும் பேசிட்டே இருப்போம், இவன் பாட்டுக்குப் படுத்துக் கெடப்பான். தமிழ் தெரியாதவங்க யாராச்சும் இருந்தா அனுப்புங்க."

சரிம்மா, அனுப்புதேன் என்றேன்.

மங்கல் என்று ஒரு நர்ஸ் இருந்தாள். மராத்தியைத் தவிர வேறு பாஷை வராது, அதையும் அளந்துதான் பேசுவாள். டூட்டி லிஸ்ட்டில் என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதினேன். ஆறு மாதமும் அவள்தான் போனாள். திரும்பி வந்ததும் ரெஜிஸ்டரில் எழுதுவாள். எத்தனை டயப்பர் நனைந்தது, எவ்வளவு பால், துணியில்லாமல் எவ்வளவு எடை. அவள் எழுதி முடித்துப் போன பிறகு நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். எடை ஒவ்வொரு முறையும் ஏறியிருந்தது. வேறு எதுவும் அதில் இருக்காது, மங்கலிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறாம் மாதக் கடைசி வரியிலும் 'நித்யாவின் ஆண் குழந்தை, ஏழு கிலோ நானூறு' என்றுதான் எழுதியிருந்தது.